முதுகைப் பார்த்தே முப்பது வருஷம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் குனிந்து காது வைத்துக் கேட்காவிட்டால் மனுஷருக்குத் தூக்கம் வராது. எங்கள் கல்யாண வரவேற்பன்று மண்டபத்து லிஃப்ட் நின்றுபோக, புதுக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மாடியேறிப் போனவர் அவர். பாதிப் படங்களில் நான் கோட்டோடுதான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷமாக அவர் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு படகு வாங்குவோம், தினமும் சாயங்காலம் ஏரியில் இரண்டு பேருமாகப் போய் வருவோம் என்று அன்றைக்கு என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார். அவர் மறந்திருப்பார். அவர் ஓய்வு பெற்றதும் நான் விடுவேனா?

எந்தப் படகு என்பதில்தான் வந்தது வம்பு. வார்னிஷ் உரிந்து, பாயில் மூன்று ஒட்டுப் போட்ட பழைய பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதை வாங்கினால் அவர் காலமெல்லாம் படகுக்கு அடியில் கிடப்பார், நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். புது மோட்டார் படகென்றால் சாவியைத் திருப்பினால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அதனால் மோட்டார்தான் என்று நானும் பிடிவாதம் பிடித்தேன். பழசு, ரிப்பேர் வரும் என்றேனே தவிர, நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை. அதைப் போய்ச் சொல்லிக் கேட்டு வாங்குவார்களா?

இரண்டிலும் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடுங்கள் என்றார் படகு விற்பவர்.

முதலில் மோட்டார். விற்பவர் ஓட்டினார். மெத்தை இருக்கை, கோப்பை வைக்கத் தனிக் குழி. நானும் ஆசையாக காபி கொண்டுபோயிருந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, சத்தம் சரியில்லையே என்று இவர் ஆரம்பித்தார். புது என்ஜின் சார், தொடாதீர்கள் என்று விற்பவர் கெஞ்சினார். கேட்டால்தானே. மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் அரைமணி நேரம் அதை வெளியே எடுக்கவில்லை. என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை என்று கண்டுபிடித்து, ஏதோ சாதித்த மாதிரி அவர் நிமிர்ந்தபோது கரை வந்துவிட்டது. ஆறிப்போன காபியை ஏரியில் கொட்டினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய்மரப் படகில் ஏறவே மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டேன். விற்பவர்தான் விடாமல் ஏற்றினார். இதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்று சுக்கானை என்னிடமும், பாய்க் கயிற்றை இவரிடமும் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா சொன்னால் கயிற்றை விடுங்கள், சொன்னால் இழுங்கள், அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள் என்று இவருக்கு உத்தரவு.

இவர் பழக்கதோஷத்தில் குனிந்து காது வைத்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். எதையாவது திறக்கலாம் என்றாலும் இரண்டு கையிலும் கயிறு. வேறு வழியில்லாமல் என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"உனக்குக் கன்னத்துல மச்சம் எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுல இருந்தே இருக்குங்க."

அவர் கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு இந்த வயசில் வெட்கம் வந்து தொலைத்தது.

"இதையே எடுத்துக்கலாம்," என்றேன்.

"நீதான் பழசு, ரிப்பேர் அது இதுன்னு சொன்னே?"

"அதுக்கு ஆள் வெச்சுக்கலாம். நீங்க கயித்தைப் பிடிச்சா போதும்."

கரை நெருங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் சொல்லாமலே சுக்கானைத் திருப்பி, இன்னொரு சுற்றுக்கு விட்டேன்.