நாட்டோ இல்லாத சமையலறை

வெளிச்சம் சரியாகப் பரவாத அந்த நேரத்தில், பக்கத்து மெத்தையில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்த கணவரின் முகத்தருகே குனிந்து சிஸுரு மோப்பம் பிடித்தாள். பற்பசை வாசம் வந்தது. முந்தின இரவு தின்ற முள்ளங்கியின் வாசமும் லேசாக இருந்தது. அவள் தேடியது கிடைக்கவில்லை. கிடைக்காததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். அவளுக்கோ, மனுஷன் வாயை நன்றாகக் கொப்பளித்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

அவள் தேடியது நாட்டோவின் வாசத்தை. சோயா மொச்சையை வேகவைத்துப் புளிக்கவிட்டால் கொழகொழவென்று நூல் இழுக்குமே, அது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஜப்பானின் மிட்டோ ஊர்க்காரர்களுக்கோ சுடுசோற்றின் மேல் அது விழாவிட்டால் பொழுதே விடியாது. அவள் கணவர் நெமோட்டோ எய்கிச்சி நகரப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம் அதைத் தின்றுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். போன இலையுதிர் காலத்தில் மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு வந்து வலக்கை தளர்ந்தது. ரத்தக்கட்டி இதயத்திலிருந்து கிளம்பியது என்று கண்டுபிடித்து, ஒரு வால்வையே மாற்றினார்கள். இனி ஆயுசுக்கும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. அதோடு ஒரு கட்டளை: நாட்டோவை வாயில் வைக்கக் கூடாது. அது மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

சிஸுரு அன்றே குளிர்பெட்டியைத் துடைத்தெடுத்துவிட்டாள். தானும் தின்பதில்லை என்று முடிவு செய்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து தின்ற பண்டம்தான், ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து எந்த மனதோடு தின்பது? கடைக்குப் போனால் அந்த அலமாரி இருக்கும் பக்கமே திரும்பாமல் சுற்றிக்கொண்டு போனாள். அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆனால் மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. ரத்தம் இளகவே இல்லை. இதய டாக்டர் மியாட்டா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நாட்டோ சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"கொஞ்சம்கூட?"

"கனவுலகூட இல்ல."

மியாட்டா நம்பவில்லை. மிட்டோவில் வேலை பார்க்கும் எந்த இதய டாக்டர்தான் நம்புவார்? மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த மாதம் இன்னும் கூட்டினார். அந்தக் கடைசிச் சந்திப்பில் சிஸுருவிடம் தனியாக, "இன்னொரு கட்டி கிளம்பினா கையோட நிக்காதும்மா. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். பாத்துக்கோங்க என்றால் என்ன செய்வது? மோப்பம் பிடித்தாள். அவர் சட்டைப் பைகளைத் துழாவினாள். நடைப்பயிற்சிக்குப் போனவர் தாமதமாக வந்தால் எந்தக் கடைப் பக்கம் போனார் என்று குடைந்தாள்.

"நீ போலீஸ்ல சேந்திருக்கலாம்" என்றார் எய்கிச்சி.

"உங்க உயிரு உங்களுக்கு வெளையாட்டா இருக்கு. எனக்கு அப்படி இல்லங்க."

"சாப்பிடலன்னு சொல்றேன்ல."

"அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?"

எய்கிச்சி இடக்கையால் வலக்கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, "இத்தன வருஷம் ஒண்ணா இருந்தும், ரத்தத்த நம்பறே, என்னைய நம்பல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் தைத்தது. அன்று இரவு இருவரும் தொலைக்காட்சியோடு மட்டும் இருந்தார்கள்.

ஆனாலும் மறுநாள் காலை அவள் எழுந்து பச்சைச்சாறு கலக்கினாள். சண்டை வேறு, கவனிப்பு வேறு. நாட்டோ போன பிறகு சத்துக்கு என்ன வழி என்று தவித்தபோது அவள் கண்டுபிடித்தது அது. கேல் கீரையைக் காயவைத்து அரைத்த பொடி, தண்ணீரில் கலக்கினால் குளத்துப் பாசி மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் ஒரு காலையும் தவறவில்லை. எய்கிச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். குவளையை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து, உணவு முடிந்ததும் சொல்லும் நன்றியைச் சொல்வார். வலக்கை இடக்கையோடு சரியாகச் சேராது.

அன்று ஆஸ்பத்திரியில் வேறொரு அறைக்குப் போகவேண்டியிருந்தது. கை குளிர்ந்து விறைக்கிறது, மலச்சிக்கலும் இருக்கிறது என்று அவர் சொன்னதால், மியாட்டா அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்த மூலிகை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். 'நாக்கைத் தேய்க்காமல் வரவும்' என்று சீட்டில் போட்டிருந்தது. சிஸுருவுக்கு அது அசிங்கமாகப் பட்டது. எய்கிச்சிக்கு அது சலுகையாகப் பட்டது. சாற்றைக் குடித்த வாயோடு அப்படியே கிளம்பிவிட்டார்.

டாக்டர் ஓவாடா சிரித்த முகமுள்ள பெண். ஆங்கில மருத்துவமும் படித்து, மூலிகை மருத்துவமும் படித்தவள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்து நாடி பார்த்தாள். படுக்க வைத்து வயிற்றை அங்கங்கே அழுத்தினாள். அவசரமே இல்லை அவளுக்கு. பிறகு எதிரே உட்கார்ந்து, "நாக்க நீட்டுங்க ஐயா" என்றாள்.

எய்கிச்சி நீட்டினார். ஓவாடா முன்னால் சாய்ந்தாள். விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சிவப்பு நாக்கு பாத்திருக்கேன், வெளுத்தது பாத்திருக்கேன். பச்ச நாக்க இன்னிக்குத்தான் பாக்கறேன். காலைல என்ன மேஞ்சீங்க?"

சிஸுருவுக்குப் பெருமை பொங்கியது. எட்டு மாதமாக அவள் செய்வதை ஒரு டாக்டராவது கேட்டாளே. "பச்சைச்சாறு டாக்டர்! கேல் பொடி. நாட்டோவ நிறுத்திட்டோம், உடம்புக்கு சத்து வேணுமே. நானே கலக்கித் தரேன், தெனமும்."

"தெனமுமா?"

"ஒரு நாள் விட்டதில்ல."

ஓவாடாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கணினிப் பக்கம் திரும்பி எய்கிச்சியின் பரிசோதனை முடிவுகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை சிஸுருவின் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாட்டோவ எதுக்கு வேணாம்னு சொன்னாங்களோ, அதே சத்து இந்தப் பொடியிலயும் நெறைய இருக்கும்மா. வைட்டமின் கே. நல்ல சத்துதான், இவரு மாத்திரைக்கு மட்டும் ஆகாது. மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, சாறு மறுபக்கம் இழுக்குது."

ஓவாடா தொலைபேசியை எடுத்தாள். மியாட்டாவே மாடியேறி வந்துவிட்டார். முடிவுகளைப் பார்த்தார், எய்கிச்சியின் நாக்கையும் ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பை வளைத்துத் தலை குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க நெமோட்டோ ஐயா. ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டிருந்தேன். வேற என்ன சாப்பிடறீங்கன்னு கேக்கவே இல்ல. நீங்க உண்மையத்தான் சொல்லியிருக்கீங்க." சிஸுருவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். "நல்லவேளை, நடுவுல நீங்களா சாற நிறுத்தல. இவ்வளவு மாத்திரைக்கு அது மட்டும் நின்னிருந்தா, எங்கயாவது ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கும். இன்னிக்கே மாத்திரையக் கொறைக்கறோம். கொஞ்ச நாளைக்கு அடிக்கடி வந்து ரத்தம் குடுங்க."

அடுத்த வாரம் தங்கையைப் பார்க்க அகிட்டாவுக்குப் போவதாக இருந்தாள் சிஸுரு. அவள் இல்லாத வீட்டில் எய்கிச்சி தானாகக் கலக்கிக் குடித்திருப்பாரா? சத்தியமாகக் குடித்திருக்க மாட்டார். அப்படி விட்டிருந்தால் மியாட்டா சொன்ன ரத்தக்கசிவுதான். இந்த டாக்டர் பெண்ணின் விரல்களுக்கு, அவசரமில்லாத அந்தக் கண்களுக்கு, தேய்க்காத அந்த நாக்குக்கு அவள் மனம் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது. ஓவாடாவின் முன்னால் எத்தனை தடவை குனிந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

திரும்பும் பேருந்தில் எய்கிச்சி வழக்கம்போல ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, சிக்னல் வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தார். சிஸுரு மடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"மன்னிச்சிடுங்க. நான்தான் உங்களக் கொல்லப் பாத்திருக்கேன். திருட்டுப் பட்டத்தையும் உங்களுக்கே கட்டிட்டேன்."

"ரொம்ப நன்றி" என்றார் எய்கிச்சி.

"எதுக்கு?"

"இனிமே அதக் குடிக்க வேண்டாமே."

அவள் நிமிர்ந்தாள். "ஏன், பிடிக்கலையா?"

"புல்லு. சுத்தமான புல்லு. மாடு மாதிரி கண்ண மூடிக்கிட்டு முழுங்கினேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க!"

"நீ இருட்டுல எந்திரிச்சு, சத்தம் கேக்காம கலக்கிக்கிட்டு நிப்பே. படுத்துக்கிட்டே பாப்பேன். அத எப்படி வேணாங்கறது?" வண்டி வளைவில் திரும்ப, அவரும் சேர்ந்து சாய்ந்தார். "நீ மோந்து பாக்கறதும் தெரியும். அப்பவும் கோவம் வரல. ஒருத்தி இவ்வளவு பயப்படற அளவுக்கு நாம என்ன செஞ்சுட்டோம்னுதான் தோணுச்சு. நேத்துதான் கொஞ்சம் வருத்தமாப் போச்சு."

சிஸுரு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். எதிர் இருக்கைப் பள்ளிப் பெண்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எய்கிச்சி அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். அவளைக் கடை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் கையில் வைக்கோலில் பொதிந்த நாட்டோ இருந்தது.

"ஏங்க! இப்பதானே டாக்டர்..."

"எனக்கு யாரு வாங்கினா? உனக்கு. உனக்கு ஒண்ணும் வால்வு மாத்தலயே."

"எனக்கு வேணாம். நான் விட்டாச்சு."

"அலமாரியச் சுத்திக்கிட்டுப் போறியே, அதுவா விட்டது?" அவர் பொதியை அவள் பையில் வைத்தார். "எனக்காக விட்டே. எனக்காகவே சாப்பிடு."

மறுநாள் காலை அவர் அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டார். அவள் சமையலறைக்கு வந்தபோது சோற்றில் ஆவி பறந்தது, கிண்ணத்தில் மொச்சை இருந்தது. எய்கிச்சி சாப்பிடும் குச்சிகளை வலக்கையில் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தார். குச்சிகள் நழுவின. இரண்டு மொச்சைகள் மேசையில் விழுந்து ஒட்டிக்கொண்டன. இடக்கைக்கு மாற்றவில்லை. கிளறக் கிளற வெள்ளை நுரை திரண்டது. கடுகு விழுதும் சோயா சாஸும் விட்டு, அவளுடைய சோற்றின் மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் அவள் முன்னால் நகர்த்தினார்.

சிஸுரு ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நன்றி சொல்ல நினைத்தாள், வாய் நிறைய இருந்தது. உதட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு நூல் அறாமல் நீண்டு, காலை வெளிச்சத்தில் ஆடியது. எய்கிச்சி தன் குச்சிகளை நீட்டி, அதே வலக்கையால் அந்த நூலைச் சுழற்றிச் சுழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்.