சகலைக்குப் போட்ட ஊசி

தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுண்டரின் வரிசை மட்டும் நகரவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர், முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி, பார்சல் அனுப்ப வந்த ஓர் அம்மாளுக்கு உடம்பு இளைக்கும் ஊசிகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். தினமும் போட்டுக்கொள்வது ஒன்று இருக்கிறது, அதில் எடை குறைவது சற்றுக் கம்மி. வாரத்துக்கு ஒரு தடவை போடுவது அதைவிட நன்றாகக் கேட்கும். புதிதாக வந்திருக்கும் இன்னொன்றும் வார ஊசிதான், ஆனால் இரண்டு விதமாக வேலை செய்யும். பொதுவாகப் பார்த்தால் அதில்தான் அதிகம் குறைகிறதாம். அந்த அம்மாள் பார்சலையே மறந்துவிட்டார். பின்னால் நின்றவர்களும் சலித்துக்கொள்ளாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

எழுத்தர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. போன வருடம் வரை அவர் நாற்காலியிலிருந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும். சர்க்கரை வேறு ஏறிக்கிடந்தது. மருத்துவர் பார்த்து வார ஊசி எழுதிக் கொடுத்தார். ஆள் மெல்ல மெல்லக் கரைந்து பாதியானார். தெரிந்தவர்கள் தெருவில் நிறுத்தி ரகசியம் கேட்டார்கள். அவர் செல்போனில் தேடித் தேடிப் படித்து, எந்த ஊசி எப்படி என்பதை மனப்பாடமாக ஒப்பிக்க ஆரம்பித்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு ‘ஊசி டாக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தது கிண்டலுக்கு. அவருக்கோ பல்கலைக்கழகமே கூப்பிட்டுப் பட்டம் கொடுத்த மாதிரி மனசு குளிர்ந்துபோயிற்று.

இப்படி இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய சகலை வீடு தேடி வந்தார். சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். லிப்ட் மெக்கானிக். மலை மாதிரி உடம்பு, பஞ்சு மாதிரி மனசு. எத்தனை மாடிக் கட்டடமாக இருந்தாலும் லிப்ட் ஓடும் குழிக்குள் ஏறி நின்று, இருட்டில் கம்பிகளின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்த வேலை என்றால் அவருக்கு உயிர்.

அன்றைக்கு அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் புதுப் பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். அது இவர் இடுப்பைச் சுற்றி வரவில்லை. இளைத்துவிட்டு வந்தால் மேலே ஏறலாம், அதுவரை ஆபீசில் உட்கார்ந்து போன் எடு என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்ததை அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீ டம்ளரைப் பிடித்திருந்த கை சும்மா இல்லை. அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, அந்த பெல்ட் மாட்டுற வரைக்கும் போட்டாப் போதும். அப்புறம் நிறுத்திடுறேன். எந்த ஊசி நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க,” என்றார்.

எழுத்தருக்கு மனசு இளகிவிட்டது. அதோடு பெருமையும் சேர்ந்துகொண்டது. மூன்று ஊசிகளின் கதையையும் ஒப்பித்தார். டாக்டரிடம் போனால் அந்தப் பரிசோதனை இந்தப் பரிசோதனை என்று இழுத்தடிப்பார்கள், நம் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு அலைச்சல் என்று, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தான் போட்டுக்கொள்ளும் பேனா ஊசியை எடுத்தார். முனையைப் புதிதாக மாற்றினார். சகலையின் வயிற்றில் தன் அளவையே குத்திவிட்டார். மனைவி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள், இருந்திருந்தால் நடந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் கொழுந்தியாளிடமிருந்து போன் வந்தது. புருஷன் ஆபீசிலேயே வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள். கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு எழுத்தர் ஓடினார்.

கட்டிலில் அந்தப் பெரிய உடம்பு வாடிய கீரைத்தண்டு மாதிரிக் கிடந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் மருத்துவர், என்ன சாப்பிட்டீர்கள், ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தன்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் மனிதர் இந்த நிலையிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பது எழுத்தருக்குப் புரிந்துவிட்டது. அவர் மருத்துவர் முன்னால் போய் நின்றார்.

“நான்தாங்க ஊசி போட்டேன். என்னோட ஊசி,” என்றார்.

மருத்துவர் திரும்பினார். “நீங்க டாக்டரா?”

“இல்லைங்க. தபால் ஆபீஸ்.”

அதைக் கேட்டு, கட்டிலில் கிடந்தவருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. மருத்துவர் சிரிக்கவில்லை. உங்களுக்கும் முதல் நாளே இந்த அளவுதான் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை, ரொம்பச் சின்ன அளவில் ஆரம்பித்து, உடம்பு பழகப் பழக மாதக்கணக்கில் ஏற்றினார்கள் என்றார் எழுத்தர். அதை ஏன் இவரிடம் சொல்லவில்லை என்றார் மருத்துவர்.

“மறந்துட்டேங்க. இளைச்சது மட்டும்தான் ஞாபகத்துல இருந்துச்சு.”

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இந்த ஊசிகள் நல்ல மருந்துகள்தான். பலருக்கு வாழ்க்கையையே மாற்றியிருக்கின்றன. ஆனால் தொடர்ந்து போட வேண்டியவை. நிறுத்தினால் போன எடை பெரும்பாலும் திரும்பி வரும். முனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடக் கூடாது, ரத்தத்தின் வழியாக நோய் பரவலாம். அதனால் இருவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். பிறகு மெக்கானிக்கிடம் பழைய நோய்களைப் பற்றிக் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவர் அப்போதுதான் சொன்னார். அப்படிப்பட்டவருக்கு இந்த ஊசியை எழுதும் முன் எந்த மருத்துவரும் பலமுறை யோசிப்பார். இந்தத் தடவை கணையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தீர்கள் என்றார். சேதி கேட்டு ஓடிவந்திருந்த எழுத்தரின் மனைவி அவரைத் திட்டவில்லை, தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மெக்கானிக் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பரிசோதனைகளிலும் ஒரு குறையும் இல்லை. அவருக்கு ஊசி வேண்டாம் என்று முடிவு செய்த மருத்துவர், சாப்பாட்டு முறை, நடை, தூக்கம் என்று வேறு வழி வகுத்துக் கொடுத்தார். இதற்கிடையில் கொழுந்தியாள் சும்மா இருக்கவில்லை. பெல்ட் செய்யும் கம்பெனிக்கே போன் போட்டு, பெரிய உடம்புக்காரர்களின் எடையைத் தாங்கும் பெல்ட் உண்டா என்று கேட்டாள். தாராளமாக உண்டு, உங்கள் ஆபீசில் யாரும் கேட்கவே இல்லையே என்றார்கள். நேரே மேலதிகாரியின் மேசைக்குப் போய் நின்றாள்.

“எங்க வீட்டுக்காரர் உடம்பு கொறையும்போது கொறையும், சார். பெல்ட்டு பெருசா வாங்க நீங்க எதுக்குக் காத்திருக்கணும்?”

அவர் அப்போதே போனை எடுத்து ஆர்டர் போடச் சொன்னார். அடுத்த வாரமே பெல்ட் வந்தது. மெக்கானிக் மறுபடியும் குழிக்குள் ஏறிய அன்று, உச்சியிலிருந்து அவர் அடித்த விசில் எல்லா மாடிக்கும் கேட்டதாம்.

தினமும் சாயங்காலம் சகலைகள் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். மெக்கானிக்கின் எடை நிதானமாக இறங்கிவருகிறது. மூட்டு வலி பாதிக்கு மேல் போய்விட்டது. இருவரும் பேசிச் சிரிக்கிற சிரிப்பில் பூங்காவில் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன வாரம் மெக்கானிக் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிட்டார்கள். கலகலப்புக்கு நடுவே மாமியார் மூத்த மருமகனைப் பார்த்து, எனக்கும் முட்டி வலிக்கிறது, அந்த ஊசிகளில் எது நல்லது என்று கேட்டுவிட்டார். எல்லோர் கண்ணும் எழுத்தர் மேல். மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுத்தர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“அத்தே, எந்த ஊசி நல்லதுன்னு ஊர்ல யார் வேணா சொல்லலாம். உங்க உடம்புக்கு எது நல்லது, ஊசியே வேணுமா வேண்டாமான்னு உங்களைப் பரிசோதிச்ச டாக்டர்தான் சொல்லணும். ஒருத்தருக்கு எழுதின மருந்தை இன்னொருத்தருக்குக் குடுக்கிறது அன்பு இல்லை, ஆபத்து. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூட வர்றேன்.”

மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.