பேர் இருந்தால் ஆளும் இருக்கும்

பழவேற்காடு பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் உலகநாதன், வேலை கேட்டு வந்த பெண்ணை உட்காரச் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே இருந்தது ஒரே நாற்காலி, அதில் அவரே இருந்தார். நின்றபடியே குணசுந்தரி தன் பைலை நீட்டினாள். இருபத்து மூன்று வயது, பி.ஃபார்ம், பார்மசி கவுன்சிலில் பதிந்து இரண்டே மாதம். ஏரிக்கு அந்தப் பக்கக் குப்பத்தில் இந்தப் படிப்பைப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அந்தப் படிப்புக்கு வெளியே என்ன மரியாதை என்பதைப் பொன்னேரிப் பக்கம் மூன்று இன்டர்வியூவில் பார்த்தாகிவிட்டது. ஒருத்தர் கல்யாணம் எப்போது என்று கேட்டார். இன்னொருத்தருக்கு அவள் பில் போடுவாளா என்பதுதான் கவலை. மூன்றாமவர் ஒன்றுமே கேட்கவில்லை, சர்டிபிகேட்டை மட்டும் வைத்துவிட்டுப் போம்மா, ஆள் வேண்டாம் என்றார்.

உலகநாதனும் அந்த மூன்றாமவர் ரகம்தான்.

"பாரும்மா, நீ டெய்லி வந்து கஷ்டப்பட வேணாம். ஒரிஜினலக் குடுத்துட்டுப் போ, கண்ணாடி போட்டு மாட்டிடறேன். மாசம் பொறந்தா பணம் வீடு தேடி வரும். இன்ஸ்பெக்டர் வந்தா போன் அடிக்கிறேன், ஓடியா. அவ்ளோதான் வேல."

"இப்ப மாட்டியிருக்கே சார், அது யாரு?"

அவர் தலைக்கு மேலே ஒரு பெரியவரின் சான்றிதழ் பழுப்பேறித் தொங்கியது. பெரியவர் செத்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் வந்த இன்ஸ்பெக்டர் "எங்கய்யா உங்க பார்மசிஸ்ட்?" என்று கேட்டதற்கு, டீ குடிக்கப் போயிருக்கார் என்று உலகநாதன் கூசாமல் சொன்னது பஜாருக்கே தெரிந்த கதை. இன்ஸ்பெக்டரும் லேசுப்பட்ட ஆளில்லை. பதினைந்து நாள் கழித்து வருகிறேன், அதற்குள் டீ குடித்து முடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவசரம் யாருக்கு என்று குணசுந்தரிக்கு நன்றாகத் தெரியும்.

"சர்டிபிகேட்டு வந்தா நானும் கூடவே வருவேன் சார். பேரு ஒரு எடத்துல, ஆளு ஒரு எடத்துலன்னா எனக்கு ஒத்து வராது."

உலகநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேறு பார்மசிஸ்ட் கிடைக்கவில்லை. வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

"காலைல ஒம்போது, நைட்டு ஒம்போது. ஞாயித்துக்கெழம மட்டும் அரை நாளு. ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கும், ரெண்டு வருஷம் கழிச்சித்தான் கைக்கு வரும். சம்மதம்னா நாளைக்கே வா."

பன்னிரண்டு மணி நேரமா என்று கேட்க நினைத்தாள். அஞ்சாவது கடைக்கு எங்கே போவது? எரிச்சலை விழுங்கிக்கொண்டு, சரி என்றாள்.

மறுநாள் செத்தவர் இறங்கினார், குணசுந்தரி சுவரேறினாள். நாலு வருடம் மருந்து படித்த கைக்கு முதல் வேலையாகத் தூசு தட்டும் துணி கிடைத்தது. மருந்து எடுத்துக் கொடுப்பதெல்லாம் பிரதாப்தான். பத்தாவது தாண்டாதவன், பதினாலு வருடமாக அதே கடையில் நிற்கிறவன், மாத்திரையை நிறத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஜனங்கள் அவனை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

கடையில் உட்கார முக்காலி கிடையாது. கக்கூஸ் கிடையாது. அவசரமென்றால் அடுத்த தெருவில் பிலோமினா டீச்சர் வீட்டுக்கு ஓட வேண்டும், அதற்கும் உலகநாதன் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். மூன்றாம் நாளே கால் வீங்கி, செருப்பு ஏற மறுத்தது. இந்த லட்சணத்துக்குப் பேர் உத்தியோகம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் கொஞ்சம் சீக்கிரம் வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு, பிரதாப் அட்டைகளைக் கத்தரித்து மாத்திரைகளைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தான். பொட்டலத்துக்கு நாலு மாத்திரை. இதுதான் ஊரெல்லாம் கேட்டு வாங்கும் செட்டு. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், எல்லாருக்கும் உடம்பு வலிக்கு அதுதான் மருந்து. டாக்டரும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

"இது வலிக்கு, இது கேஸுக்கு, இது சளிக்கு. இந்தப் பொடிசு இன்னாண்ணா?"

"அது தெம்பு மாத்திரைம்மா. அது இல்லாம கட்டிக் குடுத்தா, நேத்து செட்டு வேலை செய்லன்னு வந்து சண்ட போடுவானுங்க."

அட்டையைத் திருப்பிப் படித்தாள். ஸ்டீராய்டு. மருந்து நல்ல மருந்துதான். டாக்டர் அளவு பார்த்து நாலு நாள் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றும். வருடக்கணக்கில் தினமும் விழுங்கினால் தெம்பு வந்த மாதிரிதான் இருக்கும், பசி எடுக்கும், முகம் உப்பும். உள்ளுக்குள் எலும்பு உளுத்துக்கொண்டிருக்கும், சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்.

உலகநாதனிடம் சொன்னாள். "நீ வந்து நாலு நாளு ஆவுது, செட்டு இருபது வருஷமா போவுது" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பர் படித்தார். அவள் தூசு தட்டும் துணியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். பேசாமல் இருந்ததற்காகப் பிறகு வெகுநாள் அவள் வெட்கப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பத்தில் அவர்கள் பக்கத்து வீட்டுச் செவ்வந்தி கடைக்கு வந்தாள். உள்ளே குனிந்து அலமாரி துடைத்துக்கொண்டிருந்த குணசுந்தரியை அவள் கவனிக்கவில்லை.

"பிரதாப்பு, அஞ்சு செட்டு குடு. எனக்கு ரெண்டு, வேலம்மாக்காவுக்கு மூணு."

குணசுந்தரி நிமிர்ந்தாள். செவ்வந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐய, நீ இங்கதான் கீறியா?"

வேலம்மா குணசுந்தரியின் அம்மா.

போன வருடம் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோதே அம்மாவின் முகம் உருண்டு பளபளவென்று இருந்தது. மவ மருந்துக்குப் படிக்கிறா, வேலம்மா மூஞ்சில பூரிப்பப் பாரு என்று குப்பமே கேலி பண்ணியது. அம்மாவும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். குணசுந்தரி அந்தக் கன்னத்தைக் கிள்ளி, ஹாஸ்டல் தோழிகளுக்குப் போட்டோ வேறு அனுப்பினாள். புத்தகத்தில் படம் பார்த்து, இது இன்ன மருந்தால் வரும் முகம் என்று பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவள், அந்த முகம் எதிரே உட்கார்ந்து சோறு போட்டபோது கண்டுபிடிக்கவில்லை.  அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது, அதில் பாதி தன் மேலேயே.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது வேலம்மா வாசலில் மீன் சுமந்து விற்கும் அன்னக்கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளாம்மா செட்டு போடறே?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அதுக்கின்னா இப்ப?"

"அது எலும்ப அரிக்கும்."

"நான் ஒக்காந்துட்டா பசி அரிக்கும், அது பரவால்லியா? முட்டி ரெண்டும் புட்டுக்குதுடி. அத்தப் போட்டுக்கினாத்தான் கூடையத் தூக்கிக்கினு திருப்பாலைவனம், காட்டூருன்னு சுத்த முடியுது. நீ படிச்சி முடிச்சதே அந்த மாத்திரையாலதான், தெரிஞ்சிக்கோ."

நாளையிலிருந்து போடாதே என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. இவ்வளவு நாள் போட்டவர்கள் பட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, சுருண்டு விழும். டாக்டர் பார்த்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்கு வாம்மா."

"ஒரு நாள் பொழப்ப உட்டுட்டு லைன்ல நிக்க என்னால ஆவாது, போ."

திங்கட்கிழமை பிரதாப் கத்தரிக்கோலை எடுத்தபோது குணசுந்தரி அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, செட்டு வேணாம். நான் சொல்றேன்."

"மொதலாளி என்னக் கொன்னுடுவாரும்மா."

"அவரு கேட்டா என்னக் காட்டு."

ஷட்டர் முழுதும் ஏறியது. செட்டு கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினாள். பேர், என்ன மாத்திரை, எவ்வளவு காலம், திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் பார்க்கவும். கீழே அவளுடைய பேர், பதிவு எண். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான், இப்போதே போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள் என்றாள். சிலர் வாங்கிக்கொண்டு போனார்கள். பலர் நகரவில்லை. மீன்பிடிக்கிற தாமோதரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை கேட்டா பேப்பர் குடுக்குது. படிச்ச புள்ளைய வெச்சா இதான் பேஜாரு."

பதினோரு மணிக்கு உலகநாதன் வந்தபோது கடை வாசலில் இருபது பேர் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவருக்கு முகம் சிவந்தது.

"வெளிய போ. இந்த நிமிஷமே போ."

"போறேன் சார். என் சர்டிபிகேட்டக் கழட்டிக் குடுங்க."

"ரெண்டு வருஷம்னு சொன்னேன்ல? அது தொங்கும், நீ போ."

"அப்ப நான் போவ மாட்டேன்." அவள் சுவரில் தொங்கிய தன் சர்டிபிகேட்டைக் காட்டினாள். "என் பேரு அங்க தொங்குற வரிக்கும், இங்கேர்ந்து எது வெளிய போனாலும் அது நான் குடுத்ததுன்னு அர்த்தம். அந்தப் பெரியவரு செத்துட்டாரு சார், அவரு பேருல நீங்க இன்னா குடுத்தாலும் வந்து கேக்க மாட்டாரு. நான் உசுரோட கீறேன். கேப்பேன். வியாழக்கெழம இன்ஸ்பெக்டர் வரும்போதும் இதே எடத்துல நின்னு கேப்பேன்."

உலகநாதன் பிரதாப்பைப் பார்த்தார். "நீ கட்டுடா செட்ட."

பிரதாப் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, குணசுந்தரிக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"நானும் போட்டுக்கறேம்மா, அஞ்சாறு வருஷமா. நாளெல்லாம் நிக்க முடியறதில்ல. எனக்கும் ஒரு சீட்டு எழுது."

எழுதினாள். 

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலம்மா வந்தாள். செவ்வந்தி போய்ச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள். தலையில் இறால் நிறைந்த அன்னக்கூடை. அதைக் கடைப்படியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாடி, செட்டு கெடையாதாமே? எனக்குமா?"

"உனக்குந்தான்."

"பெத்தவள மட்டும் அப்பால உள்ள கூப்ட்டுக் குடுப்பா, பாத்துக்கினே இரு" என்று செவ்வந்தி சொன்னாள். கூட்டம் சிரித்தது. அத்தனை பேரும் அந்த ஒன்றைத்தான் பார்க்கக் காத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு பொட்டலம் போனால் போதும், மற்ற எல்லாச் சீட்டும் குப்பைதான். அம்மா இந்தக் கோபத்தோடு திரும்பிப் போனாலோ, வேறு கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வாள்.

குணசுந்தரி கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இந்த மூஞ்சப் பாருங்க. பூரிப்புன்னு சொன்னீங்க. நானுந்தான் சொன்னேன், மருந்துக்குப் படிச்ச நானே சொன்னேன். இது பூரிப்பு இல்ல, வீக்கம். அந்தப் பொடி மாத்திரை குடுத்த வீக்கம். செவ்வந்திக்கா, நீயும் போயி கண்ணாடியப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. வேலம்மா மகளின் கையைத் தட்டிவிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போனா இந்த இறா இன்னா ஆவறது? நாளைக்குக் கூடைய யாரு தூக்கறது? உன் சீட்டா தூக்கும்?"

"நான் தூக்கறேன்."

"நீ தூக்குவே!"

"உனக்கு முட்டி சரியாவுற வரிக்கும். ஆறு மாசம் ஆனாலும் சரி. காலைல மீன் ஏலத்துக்கு நானும் வரேன், திருப்பாலைவனம் வரிக்கும் கூடை என் தலைல. அப்பால நீ ஒக்காந்து வித்துக்கோ."

வேலம்மா மகளை உற்றுப் பார்த்தாள்.  சீட்டை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த உலகநாதன் பக்கம் திரும்பினாள்.

"யோவ் மொதலாளி, கேட்டுக்கினியா? இவ கூடையத் திருப்பாலைவனத்துல கொண்டுபோயி வெச்சிட்டு, பஸ்ஸப் புடிச்சி இங்க வரணும். இனிமே பத்தரைக்குத்தான் வேலைக்கு வருவா. அதுவரிக்கும் கடையத் தொறக்காத. இவ இல்லாம தொறக்கக் கூடாதுன்னுதான சட்டம்?"

உலகநாதன் தலைக்கு மேலே தொங்கிய சர்டிபிகேட்டை அண்ணாந்து பார்த்தார். கூட்டம் மொத்தமும் அவர் முகத்தையே பார்த்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் நடுவில்.

"பத்தரைன்னா பத்தரை" என்றார் கடைசியில். "பதினொண்ணு ஆவக் கூடாது."

"அத்த பஸ்ஸுக்காரன்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, கூடையை மகள் பொறுப்பில் கடைப்படியிலேயே விட்டு, வேலம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.