லோ வோல்டேஜ்

பவ்யா கைப்பிடியைப் பிடித்து இழுக்க, பின்னாலிருந்து எழிலரசி முட்டித் தள்ள, கிருபாகரனின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒருவழியாக அவர் படுத்திருந்த கட்டிலருகே வந்து சேர்ந்தது. இனி ஊசி வேண்டாம், அவர் கேட்பதைக் கொடுங்கள் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனுஷன் இளநீரா கேட்டார்? மகளைக் கிட்டார் வாசிக்கச் சொன்னார்.

பவ்யா சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. கொஞ்சம் சத்தமென்றாலும் அவருக்கு உடம்பே தூக்கிப்போடும். அதனால் குறைத்து வைத்து ஒரு தந்தியை மீட்டினாள். அவர் கண்ணைத் திறக்காமலே உதட்டைப் பிதுக்கினார்.

"தகரத்துல தட்டுன மாறி கீதுடி" என்றாள் எழிலரசி.

"சத்தமா வெச்சாதாம்மா அந்த வால்வுல சத்தம் கொழையும். வெச்சா நைனா தாங்கமாட்டாரு. நான் இன்னா பண்றது?"

இதுகூடக் கேட்காமல் போய்விடுவாரோ என்று எழிலரசி அந்தப் பெட்டியை முறைத்தாள். கட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சக்களத்தி இந்தப் பெட்டிதான். சக்களத்தியின் நல்ல குரல் எதுவென்று அவளுக்குத் தெரியாதா? இந்தக் கோவில்பதாகையில் அப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் அழுது வடியும். ஃப்ரிட்ஜ் முனகும், ஃபேன் நொண்டும். அந்த நேரம் பார்த்து இவர் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காமல் வாசிப்பார். சத்தம் வெல்லப்பாகு மாதிரி இழையும். புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து கரண்ட் சீரான அன்று தெருவே சந்தோஷப்பட, இவர் மட்டும் கப்பல் கவிழ்ந்தவர் போலக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

எழிலரசி எழுந்தாள். மோட்டாரைப் போட்டாள். கீசரைப் போட்டாள். கூடத்து ஏசியையும் அயர்ன் பாக்ஸையும் போட்டாள்.

"இன்னாம்மா பண்ற?"

"கரண்ட்ட அழ வெக்கிறேன். நீ வாசி."

அந்த வீட்டு லைன் பழசு, இத்தனையும் சேர்ந்து இழுத்தால் தாங்காது. ட்யூப்லைட் மங்கியது, வால்வுகளின் சிவப்பும் அடங்கியது. பவ்யா மறுபடி மீட்டினாள். அதே சின்னச் சத்தம்தான். ஆனால் இப்போது ஓரமெல்லாம் கரைந்து, அரைத்தூக்கத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல அறை முழுக்கப் பரவியது. கிருபாகரனின் நெற்றி தளர்ந்தது.

"எழிலு... லோ வோல்டேஜா?"

"ஆமாங்க. ஈபிகாரன் எப்ப வந்து சரிபண்ணுவானோ."

"மெதுவா வரட்டும்" என்று சிரித்தார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பவ்யா கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தாள். எந்தச் சுரத்தில் அந்தக் கை கனத்தது என்று எழிலரசியால் சொல்ல முடியாது. ஆனால் கனத்துவிட்டது. மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், தனக்காக, அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

"எழிலக்கா! டேங்க் ரொம்பி வழியுது! மோட்டார நிறுத்து!" பக்கத்து வீட்டு ரேவதி மதில்மேல் எட்டிக் கத்தினாள்.

எழிலரசி அசையவில்லை. சன்னலுக்கு வெளியே தண்ணீர் சன்ஷேடிலிருந்து கொட்டி, கொடியில் காய்ந்திருந்த அவருடைய லுங்கியை மறுபடி நனைத்துக்கொண்டிருந்தது.