வெண்ணெய் போட்ட அன்னிக்கு

என் வீட்டுக்காரர் என்னை இன்ஸ்பெக்டர்னுதான் கூப்பிடுவார். துணி ஃபேக்டரியில செக்கிங் மேஜை என்னோடது. தையல் பிசகின சட்டை சரிபண்ண ‘ஆல்டர்’ கூடைக்குப் போகும். சரிபண்ணவே முடியாதது ‘ரிஜெக்ட்’ மூட்டைக்கு. ஒரு பிசிறு நூலைக்கூட விடமாட்டேன்னு டெய்லருங்க எல்லாம் என்னைக் கரிச்சுக் கொட்டுவாங்க. கொட்டட்டுமே, எனக்கென்ன.

அவருக்கு நெஞ்சுவலி வந்ததுலேர்ந்து அந்தக் கண்ணு அவர் தட்டு மேலயும் விழுந்தது. உப்பைக் குறைக்கணும், வெண்ணெய் கூடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். இந்த மனுஷனுக்கோ உருளைக்கிழங்கு மசியல்னா உயிர். நாளெல்லாம் பஸ் ஓட்டிட்டு அலுத்து வருவார். வெண்ணெயும் பாலாடையுமா ஒரு கிண்ணம் குடுத்தா சத்தம் போடாம தின்னுட்டுத் தூங்கிடுவார்.

சரி, அதையே உடம்புக்கு ஆகிற மாதிரி பண்ணுவோமேன்னு இறங்கினேன். கிழங்கு பாதி, வேகவெச்ச காலிஃப்ளவர் பாதி. தண்ணியை ஒட்ட வடிச்சு, சட்டியை மறுபடி அடுப்புல காட்டி ஈரத்தை ஓட்டணும், இல்லைன்னா சொதசொதன்னு போயிடும். வெண்ணெய்க்குப் பதிலா ஆடை எடுத்த பால், சுட்டு நசுக்கின பூண்டு, கொஞ்சம் மிளகு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே இருந்துச்சு. ஒத்துக்கணுமே அவர்! மசியலுக்கு இது தூரத்துச் சொந்தம்னு மூஞ்சியைச் சுளிப்பார். நானும் விடமாட்டேன், உயிரோட இருக்கணுமா நாக்குக்கு அடிமையா இருக்கணுமான்னு பிடிபிடின்னு பிடிப்பேன். பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம், நான் ஆல்டர் கூடையில கிடக்கேன், இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணதும் பஸ்ஸை எடுத்துடுவேன்னு சொல்லிச் சிரிப்பார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில அவரை வெளியே உட்காரவெச்சுட்டு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

“இனிமே பத்தியம் எதுவும் வேண்டாம்மா. அவர் கேட்டதைக் குடுங்க.”

பாவி மனசு, ஒரு நொடி சந்தோஷப்பட்டுச்சு. அப்புறம்தான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். 

வெளியே வந்து எல்லாம் நல்லா இருக்காம்னு பொய் சொன்னேன். அவரும் நம்பிட்டார், வழி நெடுக அடுத்த மாசம் வேலைக்குப் போறதைப் பத்தியே பேச்சு. அந்த நம்பிக்கை போயிடக்கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா மறுநாள் மசிக்கும்போது மனசு கேக்கலை. எத்தனை மாசமா ஏங்கிட்டார். துளி போட்டா தெரியவா போகுதுன்னு வெண்ணெயை எடுத்தேன். துளியோட கை நிக்கலை.

முதல் ஸ்பூனை வாயில வெச்சவர் அப்படியே இருந்தார். முழுங்கலை. நான் அடுப்பைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

“ஒரு பிசிறு நூலை விடாதவ நீ. நீயா வெண்ணெய் போட்டே?”

பூண்டு வாசனையா இருக்கும்னு என்னமோ உளறினேன்.

“டாக்டர் என்னை ரிஜெக்ட்ல போட்டுட்டாரா?”

அடக்கி வெச்ச அழுகை எல்லாம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. ஒரு வாய் வெண்ணெயில அவர் நம்பிக்கையை நானே பறிச்சுட்டேன். அவர் என் முதுகைத் தடவிக் குடுத்தார், நோயாளி நானா அவரான்னு தெரியாத மாதிரி. அப்புறம் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

“இது எனக்கு வேண்டாம். அந்தக் காலிஃப்ளவரையே பண்ணிக் குடு.”

எழுந்து பண்ணினேன். கண்ணீர்ல கண்ணு தெரியாம நறுக்கி, வேகவெச்சு, மசிச்சுக் கொண்டுவந்து வெச்சேன். ஸ்பூனைக் கையில பிடிச்சுக்கிட்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

“திட்டு. நீ திட்டினாத்தான் பொழைச்சுக்குவேன்னு தோணும்.”

வருஷக்கணக்கா இந்த மனுஷனைத் திட்டின வாய் இது. எவ்வளவோ முயற்சி பண்ணினேன். ‘சாப்பிடுங்க’ன்னு மட்டும்தான் வந்துச்சு.