வார்னிஷுக்கு அடியில் ஜரிகை

ஆலையிலிருந்து கெட்டுத் திரும்பி வந்த கார்டைப் பட்டறை முதலாளி வீரபத்திரன் மேசைமேல் போட்டார். உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை. நூற்பாலையில் இயந்திரத்தை ஒட்டி நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் இந்தக் கார்டுகள் உட்காரும். எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அவைதான் சொல்லும். கம்ப்யூட்டருக்குத் தம்பி என்பார் அவர். சூடு, பஞ்சுத்தூசி, அதிர்வு எல்லாவற்றையும் தாங்குவதற்காக ஒவ்வொரு கார்டையும் துடைத்து வார்னிஷில் முக்கி எடுப்பார்கள். அது காந்தாவின் வேலை.

"எல்லாத்தையும் தாங்கிச்சு. இதைத் தாங்கல," என்று லென்ஸை அவளிடம் நீட்டினார்.

வார்னிஷுக்கு அடியில் பொன்னிறத்தில் ஓர் இழை. ஒன்றையொன்று தொடக்கூடாத இரண்டு ஈயப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு படுத்திருந்தது. ஜரிகை.

"யார் வீட்ல தறி இருக்குது?"

மாகறலிலிருந்து பஸ்ஸில் வரும் மரியம்மாளைத் தவிர எல்லாப் பெண்களும் கை தூக்கினார்கள்.

"பிள்ளையார்பாளையத்துல வந்து இதைக் கேக்கறீங்களே சார்," என்றாள் இந்திராணி. "சித்திரை வெயில்ல யாருக்கு வேர்க்குதுன்னு கேப்பீங்க போல."

வீரபத்திரன் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு இப்படிப் போச்சுன்னா ஆர்டரே போச்சு. நாளையிலருந்து மரியம்மா முக்கட்டும். அந்த மேசைக்குத் தறி வீட்டுப் பொண்ணு வேணாம்."

காந்தாவால் உட்கார முடியவில்லை. வீட்டில் அவள் கணவன் பரசுராமனின் தறிக்கு ஜரிகை நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பாள். இழை அறுந்தால் அவள் கை என்பான். சேலை நன்றாக வந்தால் அவன் தறி. இங்கே அவள் முக்கி எடுத்த கார்டின் முதுகில் அவள் எண் இருக்கும்.

"ஒரு நாள் பாருங்க சார். இங்க வந்து குளிச்சிட்டு, வேற சேலை மாத்திக்கினு உக்காருறேன்."

"ஒரு நாள்தாம்மா."

மறுநாள் பட்டறையின் பின்கட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மரியம்மாள் ஊரில் துவைத்துக் கொண்டுவந்த சேலையையும் ரவிக்கையையும் உடுத்தினாள். தலைமுடியைத் துண்டில் இறுக்கினாள்.

"பொணத்துக்குக்கூட இவ்ளோ தண்ணி ஊத்த மாட்டாங்கக்கா," என்றாள் மரியம்மாள்.

முதல் கார்டை எடுத்து விளக்கருகே குனிந்தாள். அதன்மேல் ஏதோ விழுந்து மின்னியது.

சேலையைப் பார்த்தாள். துண்டைத் தொட்டாள். பிறகு கழுத்து.

தாலிக்கயிறு. மஞ்சள் பூசிப் பூசித் தடித்திருந்தது. மஞ்சளுக்குள் ஜரிகைத் துணுக்குகள். இடுக்கியால் ஒன்றை எடுத்தாள். அதன் அடியில் இன்னொன்று.

"ரவிக்கைக்குள்ள சொருகிக்கக்கா."

"சொருகித்தான் இருந்துச்சு."

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தலைவழியாகக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வீட்டுச் சேலையை அதன்மேல் போட்டு மூடினாள்.

"ஐயோ! என்னாக்கா இது!"

"கத்தாதே. நான் ஒண்ணும் சாவலை, அவரும் சாவலை."

முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு முக்கினாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. போகும்போதெல்லாம் விரல்களை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டியிருந்தது. மறுபடியும் போயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலை திரும்பியது.

சாயங்காலம் வீரபத்திரன் ஒவ்வொரு கார்டாக மாட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. லென்ஸிலும் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கும் நீயே முக்கு," என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் துண்டை உருவிப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். வாசலில் பரசுராமன் சைக்கிளோடு நின்றான். பட்டு வாங்கிக்கொண்டு இந்த வழியாக வந்திருந்தான்.

"யார் சேலை இது?"

"மரியம்மா சேலை. இன்னிக்கி எல்லாமே..."

அவன் சேலையைப் பார்க்கவில்லை. அவள் கை கழுத்துக்குப் போயிற்று. முந்தானை விலகிய வெறுங்கழுத்து.

பின்னால் சாவிக்கொத்துச் சத்தம்.

"சார், பூட்டாதீங்க!"

ஓடினாள். முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது. விடாமல் அடித்தது. வீட்டுச் சேலையை விலக்கி, தாலியை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். விரல் நுனியில் ஜரிகை ஒட்டி மின்னியது. துடைக்கத் துடைக்க மின்னியது.

வாசலுக்கு வந்தாள்.

"பெல்லை விடுங்க," என்றாள். "நாளைக்கும் கழட்டுவேன். இந்த மேசையில உக்கார்ற நாளெல்லாம் கழட்டுவேன். தெருவுல நின்னு அடிச்சு எல்லாருக்கும் சொல்லணும்னா சொல்லுங்க."

மணி நின்றது. அவன் கட்டைவிரல் மட்டும் அதன்மேலேயே இருந்தது.