வெள்ளைத்தாள் ஒட்டிய பக்கம்

பர்மாவில், லத்தா பேட்டையில், பூண்டு மண்டிக்கு மேலே, மூன்றாம் மாடியில் நடக்கும் அந்த டியூஷனில் பாடம் என்றால் ஒரே முறைதான். ஒருவர் எழுந்து நின்று ஒரு வரி சொல்ல வேண்டும். மற்ற பதினெட்டுப் பேரும் அதைக் கூட்டாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். புரிந்ததா என்று கேட்கிற வழக்கமே இல்லை. முதலாளி தேவநேசன் கீழே டீக்கடையில் உட்கார்ந்தபடி காதாலேயே மேற்பார்வை பார்ப்பார். சத்தம் நின்றால் மாடியேறி வந்துவிடுவார்.

ஐரோப்பிய இலக்கியத்தில் செவ்வியல் காலத்தை மூன்று வாரம் ஓட்டியாயிற்று. அறிவு, அளவு, விதி என்று அது தேவநேசனுக்கு ரொம்பப் பிடித்த காலம். இன்றைக்கு அதற்கடுத்த கற்பனாவாதக் காலம். டியூஷன் நோட்டில் அந்தப் பக்கத்தில், ராணுவ ஆட்சிக்குப் பயந்து, ஒன்பது வரிகள் மேல் அவர் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார். மன்னனை எதிர்த்தது, தனி மனிதன் வாய்திறந்தது எல்லாம் அதற்கடியில். மிச்சமிருந்தது நிலா, மலை, பூ. "பரீட்சைக்கு இது போதும்மா" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

பாடம் எடுக்கும் ஜஸீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரி வேலையை விட்டு நான்கு வருடமாகிறது. இதுவும் போனால் போக இடமில்லை. அதனால்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் நிலாவையும் பூவையும் காட்டி இதுதான் அந்தக் காலம் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நோட்டை மூடுங்க" என்றாள் பர்மியத்தில். "உங்க மனசுல இருக்கிறத ஒரே ஒரு வரி எழுதுங்க. யாரும் சொல்லிக்கொடுக்காத வரி."

வகுப்பு அமைதியானது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டே நிமிடத்தில் தேவநேசன் மூச்சிரைக்க வாசலில் நின்றார்.

"என்ன ஜஸீலா, சத்தமே காணோம்?"

"எழுதுறாங்க சார்."

"எழுதுறதெல்லாம் வீட்ல. இங்க சொல்லணும். சொல்ல வைக்கிறதுன்னா வை, இல்லன்னா நாளைலேருந்து வரவேணாம்."

ஜஸீலா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "சரி. எழுதினதையே சொல்லுங்க. யார் முதல்ல?"

ஹன்னா எழுந்தாள். தேவநேசனின் தங்கை மகள். வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் அண்ணன் ஆண்ட்ரூ காணாமல் போய் ஒரு வருடம். வெளியூரில், மாவ்பியில் வேலையாக இருக்கிறான் என்று குடும்பமே ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது.

"என் அண்ணன் எங்கே என்று கேட்கக் கூடாது என்கிறார்கள்" என்று பர்மியத்தில் வாசித்தாள். "நான் கேட்கிறேன்."

பழக்கதோஷம். யாரும் யோசிக்கவில்லை. பதினெட்டுக் குரலும் ஒரே மூச்சில் அதைத் திருப்பிச் சொல்லின. தெருவில் போகிற ரிக்ஷாக்காரனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

தேவநேசன் ஓடிப்போய் முதல் ஜன்னலைச் சாத்தினார், அடுத்ததையும் சாத்தினார். மூன்றாவதன் முன்னால் ஜஸீலா நின்றிருந்தாள்.

"தள்ளும்மா. கீழ உளவு சொல்றவங்க யார் யாரு உக்காந்திருக்காங்க தெரியுமா?"

"தெரியும் சார். நாளைலேருந்து வரல. இன்னிக்கு இந்த ஜன்னல் தொறந்தே இருக்கட்டும்."

அவர் கை தாழ்ப்பாளை நோக்கி நீண்டது, பாதியில் நின்றது. அவர் ஹன்னாவைப் பார்த்தார். அவள் இன்னும் உட்காரவில்லை. கீழே டீக்கடையில் முகங்கள் ஒவ்வொன்றாக மேலே நிமிர்ந்தன. ஹன்னா தாளை இறக்கிவிட்டு, இந்த முறை பார்க்காமலேயே, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.